டேஷ்போர்டு வெளிச்சம் மங்கினால் உடனே பல்பை மாற்றாதீர்கள்

தேவகோட்டையில் ஒரு கல்யாணம் முடிந்து இரவு காரைக்குடி திரும்பும்போது ஸ்பீடு முள்ளே கண்ணுக்குத் தெரியவில்லை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டியிருந்தது. மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மீட்டரைக் கழற்றி நான்கு பல்பு மாற்றினார்கள். வெளிச்சம் அப்படியேதான் இருந்தது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன டிம்மர் சக்கரம், கார் துடைக்கும்போது துணி பட்டுக் கீழே உருண்டிருக்கிறது. அவ்வளவுதான் கோளாறு.

டிம்மரைப் பார்க்காமல் மீட்டரில் கை வைப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. சில கார்களில் அது சக்கரமாக இருக்கும், சிலவற்றில் ட்ரிப் மீட்டர் பட்டனிலேயே இருக்கும், புது வண்டிகளில் திரையின் மெனுவுக்குள் இருக்கும். பல கார்களில் பார்க் லைட் (ஹெட்லைட்டுக்கு முன் எரியும் சின்ன விளக்கு) எரியும்போது மட்டும்தான் இது வேலை செய்யும். பட்டப்பகலில் லைட் போடாமல் திருகிப் பார்த்துவிட்டு "டிம்மர் போயிடுச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். பகலில் ஹெட்லைட் போட்டால் திரை மங்குவதும் கோளாறு இல்லை. இரவில் கண் கூசாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, எது மங்கியது என்று பிரித்துப் பார்க்காதது. மீட்டர் நன்றாக எரிந்து ரேடியோ மட்டும் மங்கலாக இருந்தால், செட்டை வெளியில் வாங்கி மாட்டினீர்களா என்று முதலில் யோசியுங்கள். அப்படிப்பட்ட செட்டுகளில் பெரும்பாலும் மஞ்சள் வயருக்கு எப்போதும் கரண்ட் வரும், சிவப்புக்குச் சாவி திருப்பினால் வரும், கறுப்பு எர்த். இவை தவிர ஒரு ஆரஞ்சு வயர் இருக்கும். வண்டியில் லைட் போட்டதைச் செட்டுக்குச் சொல்வது அதுதான். அவசரத்தில் அதை மஞ்சளோடோ சிவப்போடோ சேர்த்து முறுக்கிவிட்டால், செட்டுக்கு எப்போதும் ராத்திரிதான். பாட்டு நன்றாகக் கேட்கும், எழுத்து மட்டும் தெரியாது. செட் பழசாகிவிட்டது என்று புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை. அந்த ஒரு வயரைப் பிரித்து, முனையில் டேப் சுற்றினாலே முழு வெளிச்சம் வந்துவிடும். முறையாக வேண்டுமென்றால் பார்க் லைட் லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் செட்டின் மெனுவில் டிம்மர் எப்படி வைத்திருக்கிறது என்றும் ஒரு தடவை பாருங்கள்.

தானாக லைட் எரியும் கார்களில் முன்கண்ணாடி ஓரத்தில், டேஷ்போர்டு மேல், சின்னக் குமிழாக, வெளிச்சத்தை அளக்கும் ஒரு சென்சார் இருக்கலாம். நம் ஊரில் பிள்ளையார்பட்டி போய்வந்ததும் ஒரு சின்னப் பிள்ளையாரை வாங்கி அதன் மேலேயே ஒட்டிவிடுகிறோம். இல்லையென்றால் வெல்வெட் விரிப்பு போட்டு மூடுகிறோம். வெயில் கொளுத்தும்போதும் வண்டி இருட்டு என்று நினைத்துக்கொண்டு திரையை மங்கவைக்கும். பிள்ளையாரை ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும்போதும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் சில திரைகள் கறுப்பாகவே தெரியும். கழற்றிவிட்டுப் பாருங்கள்.

அம்பாசடர், மாருதி 800 வைத்திருப்பவர்களுக்குப் பல்பு நிஜமாகவே காரணமாக இருக்கலாம். பல வருடம் எரிந்த பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்துப்போகும். எல்ஈடி போடுகிறீர்களா, எரியாவிட்டால் தூக்கி எறியாதீர்கள். அதற்கு பிளஸ் மைனஸ் உண்டு, திருப்பிப் போட்டால் எரியும். ஆனால் பழைய டிம்மருக்கு அது சரியாகக் கட்டுப்படாது. மீட்டரைக் கழற்றும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். செட்டுக்கு ரகசிய எண் இருந்தால் அதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

எல்லாமே சேர்ந்து மங்கி, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பளிச்சென்று ஆனால், டேஷ்போர்டில் தேடுவது வீண். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பெல்ட், பேட்டரி டெர்மினல், எர்த் வயர், இவற்றைப் பாருங்கள். மல்டிமீட்டர் வைத்தால் நல்ல பேட்டரி நின்ற நிலையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5-லிருந்து 14.5-க்குள் இருக்கவேண்டும்.

இனி சொல்வதுதான் என்னைப் பயப்பட வைப்பது. பல கார்களில் டேஷ்போர்டு விளக்குக்கும் பின்பக்கச் சிவப்பு விளக்குக்கும் ஒரே ஃபியூஸ். செட் மாட்டும்போது வண்டியின் அந்த லைட் வயர் தகரத்தில் உரசினால் ஃபியூஸ் போய்விடும். உள்ளே ஏதோ மங்கலாக இருக்கிறது என்று நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பின்னால் வருகிற லாரிக்கு உங்கள் வண்டியே தெரியாது. சிலர் சிவப்பு 10 ஆம்பியர் போகிறதே என்று மஞ்சள் 20 ஆம்பியர் சொருகுகிறார்கள், செப்புக்கம்பி கூடச் சுற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அப்புறம் ஃபியூஸுக்குப் பதில் வயர்தான் உருகும். போன அளவிலேயே போடுங்கள். மறுபடி போனால் உரசும் இடத்தைத் தேடச் சொல்லுங்கள்.

தைப்பூச நேரத்தில் குன்றக்குடி சாலையில் பழநிக்கு நடக்கிறவர்களுக்காக வண்டிகள் திடீர் திடீரென்று வேகம் குறைக்கும். பின்விளக்கு இல்லாத வண்டி அங்கே மெதுவாகப் போவதை நினைத்தாலே பதறுகிறது. அதனால் இருட்டில் கிளம்பும் முன் வீட்டு வெள்ளைச் சுவருக்குப் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தி, லைட் போட்டு, கண்ணாடியில் பார்ப்பேன். சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு விழுந்த பிறகுதான் கியர் போடுவேன்.