பள்ளி மதிய உணவில் முழுதானியக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு பொதுப் பள்ளிச் சமையற்கூடத்தில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் இருவருக்குச் சில மாதங்களாகப் பயிற்சி அளித்து வருகிறேன். இருவரும் தமிழர்கள், கைப்பக்குவம் உள்ளவர்கள், கணக்கிலும் சூட்டிகையானவர்கள். ஆனாலும் முழுதானிய விதி என்று வந்துவிட்டால், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை, நான் செய்த அதே வரிசையில் செய்கிறார்கள். வெள்ளை ரொட்டியை முழுதானியம் என்று எழுதுவது போன்ற வெளிப்படையான பிழைகளை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை எவரும் இரண்டாவது முறை செய்வதில்லை. தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்தில் பள்ளி வழங்கும் தானிய உணவுகளில் குறைந்தது 80 விழுக்காடு முழுதானியம் மிகுந்தவையாக இருக்க வேண்டும். 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த அளவை, வேளாண் துறை 2024 ஏப்ரலில் வெளியிட்ட இறுதி விதியும் அப்படியே வைத்துக்கொண்டது. முழுதானியம் மிகுந்தது என்றால், பொருளிலுள்ள தானியத்தில் பாதியேனும் முழுதானியமாகவும், எஞ்சியது செறிவூட்டப்பட்ட, அதாவது சத்துகள் சேர்க்கப்பட்ட, தானியமாகவும் இருக்க வேண்டும் என்று பொருள். இந்த வரையறையின் முதல் பாதி எல்லோருக்கும் மனப்பாடம்; இரண்டாம் பாதியில்தான் வழுக்குகிறது.

மீதிப் பாதியைப் படிக்காமல் விடுவது

இதைப் பற்றி எழுதத் தொடங்கினாலே எனக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிடுகிறது. ஓராண்டு கொள்முதலுக்கான விலைப்புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு விற்பனையாளர் பர்கர் பன் மாதிரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். முழுதானியத்தால் செய்தது என்று பெட்டியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மூலப்பொருள் பட்டியலில் முதலில் இருந்தது ஹோல் வீட் ஃப்ளோர். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. மகிழ்ச்சியுடன் கையெழுத்திட்டேன். பட்டியலில் அதற்கு அடுத்து இருந்த சொல்லையும் படித்தேன் என்பதுதான் வேடிக்கை: வீட் ஃப்ளோர். கோதுமை மாவுதானே என்று எண்ணிக்கொண்டேன்.

தமிழில் கோதுமை மாவு என்றால் நமக்குச் சப்பாத்தி மாவு, தவிட்டோடு அரைத்தது. மைதா என்பது வேறு. இங்கே அப்படியல்ல. அமெரிக்க உணவுத் தர விதிகளின்படி ஃப்ளோர், ஒயிட் ஃப்ளோர், வீட் ஃப்ளோர், பிளெய்ன் ஃப்ளோர் ஆகிய நான்கும் ஒரே பொருளின் பெயர்கள். அந்தப் பொருள் நம்முடைய மைதா. ஹோல் என்ற சொல் முன்னால் இல்லாத வரை வீட் என்பதற்கு முழுமை எதுவும் இல்லை. மொழிபெயர்த்துப் படிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது இரட்டைப் பொறி. புதியவர்கள் இருவரும் இதே இடத்தில்தான் விழுந்தார்கள்.

மைதாவாக இருந்ததுகூடக் குற்றமன்று. எஞ்சிய பாதி மைதாவாக இருக்கலாம். ஆனால் அது செறிவூட்டப்பட்டிருக்க வேண்டும். அதாவது தயமின், ரைபோஃபிளேவின், நியாசின், ஃபோலிக் அமிலம், இரும்பு ஆகியவை சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்த பன்னில் இருந்த மாவுக்குப் பக்கத்தில் இவற்றில் எதுவும் குறிப்பிடப்படவில்லை. பள்ளி ஆண்டின் நடுவில் மாநில அலுவலர்கள் ஆய்வுக்கு வந்தபோது, அவர்களில் ஒருவர் அந்த இரண்டாவது சொல்லில் விரலை வைத்து, எந்த மாவு எத்தனை கிராம் என்று சொல்லும் உற்பத்தியாளரின் விவர அறிக்கை இதற்கு இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இல்லை. கேட்டு வாங்கியபோது வந்த எண்கள் இவை: ஒரு பன்னில் 17 கிராம் முழுக்கோதுமை மாவு, 15 கிராம் செறிவூட்டப்படாத மாவு.

இப்போது கணக்கைப் பாருங்கள். தானியத்தை அளக்க விதி பயன்படுத்தும் அலகு அவுன்ஸ் நிகரளவு. ரொட்டி, பன் போன்றவற்றில் 16 கிராம் ஏற்கத்தக்க தானியம், அதாவது முழுதானியமோ செறிவூட்டப்பட்டதோ, ஓர் அவுன்ஸ் நிகரளவு என்று கொள்ளப்படுகிறது. மொத்த மாவு 32 கிராம் என்பதால், அந்த பன்னை இரண்டு அவுன்ஸ் நிகரளவு என்று நான் பதிவேட்டில் எழுதி வந்தேன். 17 கிராம் பாதிக்கு மேல் என்பதால் முழுதானியம் மிகுந்தது என்றும் குறித்தேன். ஆனால் செறிவூட்டப்படாத தானியம் ஏற்கத்தக்கதே அல்ல. அத்தகைய தானியம் இந்த வகைப் பொருள்களில் ஒரு பங்குக்கு 3.99 கிராமைத் தாண்டினால், அந்தப் பொருளையே தானியக் கணக்கில் சேர்க்க முடியாது. பாதியளவு ஏற்றுக்கொள்வார்கள், கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் கிடையாது. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு மதிய உணவில் நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு அவுன்ஸ் நிகரளவு தானியம் தர வேண்டும். பர்கர் கொடுத்த ஒவ்வொரு நாளிலும் என் கணக்கில் இருந்தது சுழியம். உறைகலன் நிறைய பன், கைநிறையப் பதிவேடு, திருத்த நடவடிக்கைத் திட்டம் எழுதிய மூன்று மாலைகள், அவசரத்தில் கூடுதல் விலைக்கு வாங்கிய மாற்று பன் என்று அந்த ஒரு சொல்லுக்குக் கொடுத்த விலை அதிகம்.

எல்லாம் அந்தப் பெட்டியின் பின்புறத்திலேயே எழுதியிருந்தது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. முதல் பொருள் ஹோல் வீட்தானே என்று எவராவது சொல்லி லேபிளைக் கீழே வைக்கும்போது, இரண்டாவது பொருள் என்ன என்று நான் கேட்கும் தொனி சற்றுக் கடுமையாக இருப்பது எனக்கே தெரியும்.

எனவே லேபிளில் உள்ள ஒவ்வொரு தானியத்தின் பெயரையும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றும் முழுதானியமா, செறிவூட்டப்பட்டதா, இரண்டும் இல்லையா என்று பிரித்து எழுதுங்கள். செறிவூட்டப்பட்டது என்ற சொல் இல்லாவிட்டாலும், மாவின் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் மேற்சொன்ன ஐந்து சத்துகளும் இருந்தால் அது செறிவூட்டப்பட்டதே. அதைத் தள்ளிவிட்டு விலை கூடியதை வாங்குவது எதிர்த்திசைத் தவறு. இரண்டு விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ உள்ளவை என்ற வரிக்குப் பின்னால் வரும் தானியங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை விதிவிலக்கு. ஐயம் இருந்தால் உற்பத்தியாளரின் விவர அறிக்கையைக் கையெழுத்திடுவதற்கு முன்பே கேளுங்கள். பின்பு கேட்டால், எனக்குக் கிடைத்ததைப் போன்ற பதில் கிடைக்கும்.

பல்தானியம் என்ற சொல்லை நம்புவது

ஏழு தானியங்கள் இருக்கலாம். ஏழும் தீட்டப்பட்டவையாகவும் இருக்கலாம்.

80 விழுக்காட்டை உணவுகளின் எண்ணிக்கையில் பார்ப்பது

ஐந்து நாளில் நான்கு நாள் முழுதானியம், எனவே 80 விழுக்காடு என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கிட வேண்டியது நாள்களையோ உணவுகளையோ அல்ல, அவுன்ஸ் நிகரளவை. தொடக்கப் பள்ளிக்கு ஒரு வாரத்தில் எட்டு முதல் ஒன்பது அவுன்ஸ் நிகரளவு வழங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு ஒரு பட்டியல் போடுவோம். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒன்றரை வீதம் முழுதானியம், மொத்தம் ஆறு; வெள்ளிக்கிழமை வெள்ளை மாவுப் பீட்சா, அதில் இரண்டரை. ஆக மொத்தம் எட்டரை. அதில் ஆறு என்பது 71 விழுக்காட்டை எட்டவில்லை. குழந்தைகள் எடுத்துக்கொண்டதை வைத்தல்ல, நாம் வழங்கியதை வைத்தே இது கணக்கிடப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். எஞ்சும் 20 விழுக்காடும் செறிவூட்டப்பட்டதாக இருக்க வேண்டும்.

மக்காச்சோளத்தில் சுண்ணாம்பைக் கண்டு தயங்குவது

மக்காச்சோள டார்ட்டில்லா என்ற மெல்லிய ரொட்டியின் லேபிளில் லைம் சேர்த்துப் பக்குவப்படுத்தியது என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, எலுமிச்சை சேர்த்ததற்கும் முழுதானியத்துக்கும் என்ன தொடர்பு என்று பயிற்சியில் இருப்பவர் கேட்டார். இங்கே லைம் என்பது சுண்ணாம்பு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து அரைக்கும் மெக்சிகோவின் பழைய முறை அது. அப்படிச் செய்த மக்காச்சோளத்தை முழுதானியத்துக்கு ஈடாக ஏற்கிறார்கள். வெறும் மக்காச்சோள மாவு என்று மட்டும் இருந்தால் முளை நீக்கியதாக, அதாவது முழுதானியம் அல்லாததாக, இருக்கக்கூடும். அதைத்தான் கேட்டுத் தெளிய வேண்டும்.

பழைய கோப்பை வைத்துப் பயிற்றுவிப்பது

2012, 2014, 2018, 2022 என்று விதி நான்கு முறை இடம் மாறியிருக்கிறது. கோப்பின் முதல் பக்கத்தில் ஆண்டு இல்லாவிட்டால் அதைத் திறக்காதீர்கள்.

பழுப்பரிசியை வெள்ளையரிசி போல் நடத்துவது

கணக்கு சரியாக இருந்து, தட்டு குப்பைத்தொட்டிக்குப் போனால் என்ன பயன்? தவிடு நீக்காத அரிசி கூடுதல் நீரும் கூடுதல் நேரமும் கேட்கும். காலையில் வழக்கமான நேரத்தை வைத்து ஆவியில் ஏற்றிவிட்டு, நடுவில் பருக்கை விறைப்பாக இருப்பதைப் பரிமாறும் நேரத்தில் கண்டுபிடிப்பவர்கள் பலர். முழுக்கோதுமைப் பாஸ்தாவில் இதற்கு நேர்மாறு: பரிமாறும் வரை 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் சூடாக வைத்திருக்கையில் அது தொடர்ந்து வெந்து குழைந்துவிடும். எனவே சற்று முன்பாகவே இறக்கி, சிறு சிறு தவணையாகச் சமைப்பது நல்லது. பிள்ளைகள் முழுதானியத்தை வெறுக்கிறார்கள் என்று புகார் செய்யும் கூடங்களில் பெரும்பாலும் அவர்கள் வெறுப்பது குழைந்த பாஸ்தாவைத்தான்.

மாற்றுச் சரக்கைப் பார்க்காமல் வாங்கி வைப்பது

கேட்ட பன் இருப்பில் இல்லாவிட்டால், வண்டியில் வருபவர் வேறொன்றை இறக்கிவிட்டுப் போய்விடுவார். பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். பட்டியல் வேறாக இருக்கும். சமையல் முடிந்தபின் பெட்டி மறுசுழற்சிக்குப் போய்விட்டால், அன்று என்ன பரிமாறினோம் என்பதற்குச் சான்றும் அதனுடன் போய்விடும். இதற்காகவே எங்கள் உறைகலனின் கதவுக்கு அருகில் ஒரு கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மூலப்பொருள் பட்டியலை வெட்டி, தேதி எழுதி, அன்றைய பதிவேட்டுத் தாளின் பின்னால் ஒட்டிய பிறகே பன் அடுப்பறைக்குள் போகும்.