பேச்சு வராத குழந்தை கேட்டு வாங்கப் பழக ஓர் அட்டை

இன்னும் பேச்சு வராத குழந்தையை "சொல்லு, சொல்லு" என்று நச்சரிப்பதைவிட இதைச் செய்து பாருங்கள். குழந்தைக்கு ரொம்பப் பிடித்த பொருள் ஒன்று, பந்து என்று வைத்துக்கொள்வோம். அதைப் போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டுங்கள். பந்து உங்கள் கையில், அட்டை குழந்தைக்கு முன்னால். குழந்தை பந்துக்குக் கை நீட்டும்போது, அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர், குழந்தையே அட்டையை எடுத்து உங்கள் கையில் வைக்க உதவ வேண்டும். வைத்த அந்த நொடியே "பந்து!" என்று சொல்லிப் பந்தைக் கொடுத்துவிடுங்கள். "என்ன வேணும்?" என்று இப்போதைக்குக் கேட்கவே கூடாது, குழந்தை தானாகத் தொடங்க வேண்டும். பின்னால் இருப்பவரும் வாயைத் திறக்கக் கூடாது (வீட்டில் இதுதான் பெரும்பாடு!). போகப்போக அவருடைய உதவியைக் குறையுங்கள்.

அமெரிக்காவில் 1985-ல் ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்ட்டும் உருவாக்கிய பெக்ஸ் (PECS) முறையின், அதாவது படத்தைக் கொடுத்துக் கேட்டு வாங்கப் பழக்கும் முறையின், முதல் படி இது. படம் காட்டிப் பழகினால் பேச்சே வராதோ என்று பயப்படாதீர்கள், அப்படி ஆவதில்லை. "வாயால கேட்டாத்தான் தருவேன்" என்று அட்டையை மட்டும் ஒளித்துவைக்காதீர்கள். கூடவே காது பரிசோதனையையும், பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுவதையும் தள்ளிப்போட வேண்டாம்.