பொதி கழுதைகளோடு மலையேறப் போகிறீர்களா? முதலில் கழுதையைப் பாருங்கள்

மூட்டையைக் கழுதை சுமக்கும், வழியை வழிகாட்டி பார்த்துக்கொள்வார், நாம் கையை வீசிக்கொண்டு நடந்தால் போதும் என்று நினைத்துத்தான் பலர் இந்த மாதிரிப் பயணத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். பாதி சரி. முதுகில் பதினைந்து கிலோ இல்லாமல் மலையேறுவது சுகம்தான், முழங்காலும் பிழைக்கும். ஆனால் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, ஒரு நாளில் எவ்வளவு தூரம், ராத்திரி எங்கே தங்குவது என்று எல்லாமே கழுதையை வைத்துத்தான் முடிவாகும். அதற்குத் தயாராக வருகிறவர்களுக்கு இது அருமையான பயணம், மற்றவர்களுக்கு இரண்டாம் நாளே எரிச்சல் வந்துவிடும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் காட்டும் மலைப் படங்களை நம்பி முடிவெடுக்காதீர்கள், அவருடைய கழுதைகளைப் பாருங்கள். நேரில் பார்க்க முடிந்தால் சேணம் இல்லாமல் பாருங்கள். முதுகிலும் வயிற்றுவார் படும் இடத்திலும் புண் இருக்கிறதா? அங்கங்கே திட்டுத் திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால் சேணம் அழுத்திப் பழைய காயம் ஆறிய இடமாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள். விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கக் கூடாது, குளம்பு வளர்ந்து முன்னால் வளைந்திருக்கக் கூடாது. வயதையும் கேளுங்கள், உடம்பு முழுசாக வளராத, நான்கு வயதுகூட ஆகாத குட்டி மேல் பொதி ஏற்றுபவர் வேண்டவே வேண்டாம். அப்புறம் இரண்டு கேள்வி: ஒரு கழுதைக்கு எவ்வளவு எடை ஏற்றுவீர்கள்? நடுவழியில் ஒன்று நொண்டினால் என்ன செய்வீர்கள்? "எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு வாங்க, இது தாங்கும்" என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. ஒரே ஒரு கழுதையை மட்டும் தனியாகக் கூட்டி வருவதும் நல்லதல்ல. கழுதைகள் ஜோடி சேர்ந்து பழகும் பிராணிகள், கூட்டாளியைப் பிரித்தால் சில கழுதைகள் தீனியையே தொடாது.

எடைக் கணக்கு எளிது. நடுத்தரக் கழுதை ஒன்று 180 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாக, அதாவது சுமார் 40 கிலோ வரை ஏற்றலாம். இதில் சேணமும் பைகளும் அடக்கம். செங்குத்தான பாதை, வெயில், வயதான கழுதை என்றால் இன்னும் குறைக்க வேண்டும். கூடாரம், சமையல் சாமான் எல்லாம் போக உங்கள் பங்குக்கு எட்டு பத்து கிலோ கிடைத்தால் அதிகம். ஆகவே வீட்டிலேயே எடை போட்டுப் பாருங்கள், "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுத்து வைத்ததையெல்லாம் வெளியே எடுங்கள். சக்கரம் வைத்த பெட்டி, கம்பிச் சட்டம் போட்ட முதுகுப்பை எதுவும் ஆகாது, மடங்கும் துணிப்பைதான் வேண்டும்.

பொதியில் முக்கியமானது மொத்த எடையைவிட இரண்டு பக்கமும் சமமாக இருப்பது. ஒரு பக்கம் ஒரு கிலோ கூடினாலும் ஏறி இறங்கும்போது சேணம் அந்தப் பக்கம் சரியத் தொடங்கும், சரிந்த சேணம் தோலைத் தேய்க்கும், தேய்ந்த இடம் சாயங்காலத்துக்குள் புண்ணாகும், மறுநாள் அந்தச் சுமை உங்கள் முதுகுக்கு வரும். கையில் பிடிக்கும் தொங்கு தராசு ஒன்று இருந்தால் தினமும் காலையில் இரண்டு பைகளையும் தூக்கிப் பார்த்துவிடலாம். கனமானவை அடியில், மெத்தென்ற துணிமணி கழுதையின் உடம்பை ஒட்டி, பாத்திரம் அடுப்பு போன்றவை வெளிப்பக்கம். கலகலவென்று சத்தம் போடுவதைத் துணியில் சுற்றுங்கள். பகலில் பொதியைப் பிரிக்க முடியாது என்பதால் தண்ணீர், மழைச்சட்டை, மருந்து, கொறிக்க ஏதாவது, டார்ச், ஒரு கம்பளிச் சட்டை ஆகியவை உங்கள் தோளில் இருக்கும் சின்னப் பையில் இருக்கட்டும்.

முதல் நாள் வழிகாட்டி சேணம் பூட்டுவதைக் கவனித்துப் பாருங்கள், இரண்டாம் நாளிலிருந்து நீங்களும் கை கொடுக்கலாம். முதலில் முதுகையும் வயிற்றையும் தேய்த்துச் சுத்தம் செய்து, உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு சின்ன முள்ளோ காய்ந்த சேறோ சேணத்துக்குக் கீழே போடும் விரிப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் போதும், கதை முடிந்தது. விரிப்பைக் கொஞ்சம் முன்னால் போட்டுப் பின்பக்கமாக நகர்த்தினால் முடி எல்லாம் ஒரே திசையில் படியும். குளம்பில் சிக்கிய கல்லைக் குதிகாலிலிருந்து நுனியை நோக்கிக் கிளற வேண்டும். வயிற்றுவாரை இறுக்கிவிட்டு, பத்து நிமிடம் நடந்த பிறகு நின்று மறுபடியும் இறுக்க வேண்டும், இதை மட்டும் யாருமே மறக்கக் கூடாது. ஏற்றத்தில் சேணம் பின்னால் நழுவாமல் மார்புவார் பிடிக்கும், இறக்கத்தில் கழுத்தை நோக்கி வராமல் வாலுக்குக் கீழே சுற்றி வரும் வார் பிடிக்கும். இரண்டில் ஒன்று இல்லாத சேணத்தோடு மலைக்குப் போவது வம்பு.

நடக்கும்போது கழுதையின் இடது தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முன்னால் நின்று முகத்தைப் பார்த்து இழுத்தால் அது பின்னால்தான் சாயும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, அது திடீரென்று இழுத்தால் விரல் போய்விடும். பாதை குறுகினால் நீங்கள் முன்னே, அது பின்னே. எதிரே பொதி விலங்குகள் வந்தால் மலைச்சரிவுப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நின்றால் பொதி இடித்தே கீழே தள்ளிவிடும்.

நடுவழியில் நின்றுவிட்டதா? பிடிவாதம் என்று முடிவு கட்டாதீர்கள். குதிரை பயந்தால் ஓடும், கழுதை பயந்தால் உறைந்து நிற்கும், நின்று யோசிக்கும். முன்னால் மரப்பாலமோ ஓடும் தண்ணீரோ பாறை மேல் விசித்திரமான நிழலோ இருக்கும். ஒன்றிரண்டு நிமிடம் பார்க்க விடுங்கள், பிறகு தைரியமான கழுதையை முன்னே விடுங்கள், மற்றது தானாக வரும். அதுவும் பலிக்கவில்லையென்றால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி முயலலாம். அடித்தால் அடுத்த பாலத்தில் இன்னும் அதிக நேரம் நிற்கும், அவ்வளவுதான் பலன். பாதையோரப் புல்லை மேய்வது வேறு விஷயம், அதை முதல் மணி நேரத்திலேயே அனுமதித்தால் அன்றைக்குப் பூராவும் பத்தடிக்கு ஒரு தடவை நிற்க வேண்டியதுதான்.

தூரத்தைக் கணக்கிட ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன பழைய விதி உதவும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். கழுதையோடு போகும்போது இதற்கு மேல் பாதி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போதும், அதற்கு மேல் போட்டிருக்கும் பயணத் திட்டத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

3,000 மீட்டருக்கு மேல் போகும் பாதை என்றால், தூங்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஓய்வு வேண்டும். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினால், பேச்சு குழம்பினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் உடனே கீழே இறங்க வேண்டும், ராத்திரியாக இருந்தாலும். பயணம் கெட்டுவிடுமே என்று வழிகாட்டியிடம் மறைப்பவர்கள் உண்டு, அது முட்டாள்தனம். முடியாதவரைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோகலாம் என்றும் நினைக்காதீர்கள், பொதிச் சேணம் ஆள் உட்காருவதற்கு ஆனதல்ல. அவசரத்துக்கு யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.

தங்கும் இடம் வந்ததும் முதல் வேலை பொதியை இறக்குவது, உங்கள் கால்வலி அப்புறம். சேணம் இருந்த இடத்தில் வீக்கமோ, சூடோ, முடி உதிர்வோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஆனால் தண்ணீரில் கொஞ்சம் வாடை மாறினாலும் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போவது இந்தப் பிராணிதான். தின்பதற்குப் புல்லும் வைக்கோலும் போதும், மீந்த சாப்பாட்டைப் பாசத்தில் ஊட்டாதீர்கள். அரளியும், மலையில் வளரும் ரோடோடென்ட்ரான் என்ற பூச்செடியும் விஷம், அவை இருக்கும் இடத்தில் கட்டக் கூடாது. கட்டும் முடிச்சு ஒரு இழுப்பில் அவிழ வேண்டும். மழை வந்தால் அதற்கும் ஒரு கூரையோ தார்ப்பாயோ வேண்டும், வறண்ட நிலத்துப் பிராணியான அதன் ரோமம் குதிரையின் ரோமம் போல மழையைத் தாங்காது.

தீனியைத் தொடாமல் தலை தொங்கி நின்றால் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள், காலை வரை பார்க்கலாம் என்று விடாதீர்கள். கழுதை வலியை வெளியே காட்டாது, நமக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டதென்றால் ஏற்கெனவே முற்றியிருக்கும். சாப்பிடாமல் இருந்தால் அதன் ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மற்றபடி ராத்திரியில் ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும், மலையில் அது எதிரொலிக்கவும் செய்யும். காதடைப்பான் கொண்டு வாருங்கள், பொதியில் போடாமல் தோள்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.