சருமத்துக்காகத் தட்டை மாற்றுவது எப்படி: சேலத்துச் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

முகத்தில் பரு, பின்கழுத்தில் கருமை, வாயோரத்தில் வெடிப்பு என்று ஏதாவது ஒன்று வந்ததும் சேலத்தில் பலரும் முதலில் நாடுவது மருந்துக் கடைக் களிம்பை. அதற்கு அடுத்தபடியாக, அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னார்கள் என்று கத்தரிக்காயையும் முட்டையையும் கருவாட்டையும் ஒரே நாளில் விலக்கிவிடுவார்கள். இரண்டிலும் பெரிய பலன் கிடைப்பதில்லை. சாப்பாட்டை மாற்றினால் எல்லாத் தோல் நோயும் தீர்ந்துவிடும் என்பது உண்மையல்ல. தேமலும் படர்தாமரையும் பூஞ்சையால் வருபவை, அவற்றுக்கு மருந்துதான் வழி. ஆனால் பரு, கழுத்துக் கருமை, வெளிறிய முகம், வறண்டு சொரசொரக்கும் தோல் ஆகியவற்றில் நாம் அன்றாடம் உண்பதற்குக் கணிசமான பங்கு இருக்கிறது. அதைச் சரிசெய்ய, எதை விலக்குவது என்று யோசிப்பதைவிட, தட்டில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே நல்ல தொடக்கம்.

நம் ஊரில் அப்படிப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது மாவுச்சத்து. காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் தட்டுவடை செட் அல்லது பஜ்ஜி, இரவில் தோசை என்று நாள் முழுவதும் ஒரே சத்து வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டிருக்கிறது. விரைவில் செரிக்கும் மாவும் சர்க்கரையும் இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென ஏற்றுகின்றன. அதைச் சமாளிக்க உடல் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலினும் அதைத் தொடர்ந்து உயரும் வளர்ச்சிக் காரணிகளும் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன, மயிர்க்கால்களின் வாயும் எளிதில் அடைபடுகிறது. பரு வரும் இயல்புள்ளவருக்கு இது பருவைக் கூட்டலாம். இதே இன்சுலின் பல ஆண்டுகள் உயர்ந்தே இருக்கும்போது பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போன்ற தடித்த கருமை படிகிறது. அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு கொண்டு தேய்க்கும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளையின் கழுத்து புண்ணாகுமே தவிரக் கருமை போகாது.

ஆகவே முதல் வேலை, சோற்றை நிறுத்துவதல்ல, சோற்றின் இடத்தைக் குறைப்பது. மதியத் தட்டை மனத்தில் இரண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பாதியில் பொரியல், கூட்டு, கீரை கடைசல் ஆகியவற்றை முதலில் பரிமாறிக்கொள்ள வேண்டும். மீதிப் பாதியில் ஒரு பங்கு பருப்போ பயறோ முட்டையோ மீனோ, மற்றொரு பங்குதான் சோறு. நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு: முதலில் சோற்றுக் குன்று, ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியல். பரிமாறும் வரிசையை மாற்றினாலே அளவு தானாக மாறுகிறது என்பதால், இந்த ஒன்றைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவேன். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்குக் காய், கீரை, பழம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 500 கிராம் உண்ணச் சொல்கிறது. சூரமங்கலம் அல்லது தாதகாப்பட்டி உழவர் சந்தைக்குக் காலையில் போகிறவர்களுக்கு அதை வாங்குவது கடினமில்லை, சமைத்துத் தட்டில் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் சோம்பல் வருகிறது.

சேலத்துக்கே உரிய மாவுச்சத்துப் பண்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டுக்கே ஜவ்வரிசி அனுப்பும் ஊர் இது. ஆனால் மரவள்ளிக் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த ஜவ்வரிசி ஏறத்தாழ முழுக்க மாவுதான், அதில் புரதமோ நார்ச்சத்தோ சொல்லத்தக்க அளவில் இல்லை. காய்ச்சலிலிருந்து மீண்டவருக்கு எளிதில் செரிக்கும் கஞ்சியாக அது நல்லது; விரத நாளில் கிச்சடியும் பாயசமும் வடாமுமாக அதையே நாள் முழுவதும் உண்பது விரதத்தின் பயனைக் கெடுக்கும். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு இதைவிட மேல், நார்ச்சத்து கொஞ்சம் உண்டு. ஆனால் தோலை நன்றாகச் சீவி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், ஏனெனில் கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள்கள் இருக்கின்றன. உண்ணும்போது கசப்பாக இருந்தால் துப்பிவிடுவதே நல்லது.

தட்டுவடை செட்டைப் பொறுத்தவரை, அதை முழுக்க எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் சட்னிகளோடு சேர்ந்து நசுங்கி உட்கார்ந்திருக்கின்றன. நடுவிலிருப்பது நல்ல உணவு, மேலும் கீழும் இருப்பதுதான் எண்ணெயில் பொரித்த அரிசி மாவு. கடைக்காரரிடம் துருவலைக் கூடுதலாக வைக்கச் சொல்லி வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுவதில் குற்றமில்லை; தினமும் மாலையில் சாப்பிட்டுவிட்டு இரவுச் சோற்றையும் குறைக்காமல் இருப்பதுதான் கணக்கைக் கெடுக்கிறது. கடையைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணெயைப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கருத்து, கெட்டிப்பட்டு, நுரை தள்ளி, விரைவில் புகையும். அப்படிப்பட்ட எண்ணெயில் உண்டாகும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தவே கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஏற்காட்டு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கும்போதும் இந்தப் பார்வை உதவும்.

சிறுதானியத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. சேர்வராயன் மலைக் கிராமங்களில் பரம்பரையாக உண்ட சாமையும், சேலம், தருமபுரிப் பக்கத்து ராகிக் களியும் நல்ல உணவுகள் என்பதில் ஐயமில்லை. ராகியின் கால்சியத்தை வேறெந்தத் தானியமும் எட்டாது. ஆனால் தவிட்டை முழுக்க நீக்கிப் பாலிஷ் போட்ட வெள்ளைச் சாமையை ஒரு குவியல் வைத்து உண்டால், அரிசிச் சோற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் சொற்பம். பழுப்பு நிறம் மாறாத சாமையாக வாங்குங்கள், அளவையும் சோற்றளவுக்கே வையுங்கள், களிக்குப் பக்கத்தில் கீரை கடைசலோ கொள்ளுப் பருப்போ கட்டாயம் இருக்கட்டும். கொள்ளு சூடு, பரு வரும் என்று ஒதுக்குகிறவர்கள், உலர்ந்த கொள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது இரும்புச்சத்து. வெளிறிய முகம், எளிதில் உடையும் நகம், விடாத களைப்பு, முடி உதிர்வு ஆகியவற்றுக்குப் பின்னால், குறிப்பாகப் பெண்களிடம், இரத்தசோகை இருப்பது மிகவும் சாதாரணம். முருங்கைக்கீரை, பயறுகள், ஈரல், ஆட்டிறைச்சி, எள் எல்லாம் உதவும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு: காக்பர்ன் என்ற கலெக்டர் 1820களில் காப்பிச் செடியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து இந்த மலை காப்பியின் மலை, அடிவாரத்து வீடுகளிலும் டிபன் ஆன உடனே காப்பி இல்லாவிட்டால் டிபன் முடிந்ததாகக் கணக்கில்லை. காப்பியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் தாவர உணவிலுள்ள இரும்பைப் பிணைத்துக்கொண்டு, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. காப்பியை விடச் சொல்லவில்லை, யாரும் விடவும் மாட்டார்கள். சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டால் போதும். அதே வேளையில் எலுமிச்சை பிழிந்த கீரைப் பொரியலோ, உண்டபின் ஒரு கொய்யாவோ சேர்த்தால், வைட்டமின் சி அந்த இரும்பை உறிஞ்சுவதற்குத் துணை செய்கிறது.

அந்த வைட்டமின் சி தோலுக்கு நேரடியாகவும் வேண்டும். தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதத்தை உடல் முறையாகக் கட்டுவதற்கு அது இன்றியமையாதது. அது மிகக் குறைந்தால் ஈறில் இரத்தம் கசியும், காயம் ஆறத் தாமதமாகும். நாளொன்றுக்குத் தேவை பெண்களுக்கு 65, ஆண்களுக்கு 80 மில்லிகிராம். மலையிலிருந்து இறங்கும் ஆரஞ்சு நல்லதுதான் என்றாலும், கொய்யா அதைப்போல மூன்று நான்கு மடங்கு தருகிறது, விலையும் குறைவு. பாதிப் பழமே ஒரு நாளுக்குப் போதும். வேகவைத்தால் இந்தச் சத்து பெருமளவு அழிந்துவிடும் என்பதால் பச்சையாகவே உண்ண வேண்டும். கொலாஜன் பொடி வாங்கும் காசில் ஓராண்டுக்குக் கொய்யா வாங்கலாம் என்பது என் கணக்கு.

மாம்பழக் காலத்தில் வரும் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். மே, ஜூன் மாதங்களில் மல்கோவாவும் இமாம்பசந்தும் வந்ததும் பலருக்கு உதட்டைச் சுற்றிக் கொப்புளமும் அரிப்பும் வருகின்றன. உடல் சூடு என்று மோரைக் குடிப்பார்கள். பெரும்பாலும் அது சூடு அல்ல, காம்பிலிருந்து வழிந்து பழத்தின் தோலில் ஒட்டியிருக்கும் பால் உதட்டில் பட்டதால் வரும் ஒவ்வாமை. பழத்தைச் சிறிது நேரம் தண்ணீரில் போட்டுக் கழுவி, காம்புப் பகுதியைத் தாராளமாக வெட்டி எறிந்து, தோலைச் சீவித் துண்டு போட்டு உண்டால் பலருக்கும் இந்தத் தொல்லை வராது. கொட்டையைச் சப்பும் சுகம் மட்டும் போய்விடும். மற்றபடி மாம்பழத்தில் இனிப்பு அதிகம், ஆகையால் சாப்பாட்டுக்கு மேல் ஒரு முழுப் பழம் என்பதைவிட, மாலைப் பலகாரத்துக்குப் பதிலாகச் சில துண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாலைப் பற்றிய பேச்சில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்தல் இருக்கிறது. பாலுக்கும், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. சைவ உணவுக்காரர் பாலையும் தயிரையும் ஒரேயடியாக நிறுத்தினால் வைட்டமின் பி12 குறைந்து, விரல் முட்டிகள் கருத்து, நாக்கு வழவழப்பாகிவிடக்கூடும். ஜிம்முக்குப் போகத் தொடங்கிய இளைஞருக்கு முதுகிலும் மார்பிலும் புதிதாகப் பரு வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அவர் குடிக்கும், பாலிலிருந்து எடுக்கப்படும் வே புரதப் பொடியை. தண்ணீரைப் பொறுத்தவரை, நம் ஊர் வெயிலுக்கு நிறையவே தேவை. ஆனால் தாகத்துக்கு மேல் குடம் குடமாகக் குடித்தால் முகம் மின்னும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. பரு குறைவதைக் கண்ணால் காண இரண்டு மூன்று மாதங்கள் வேண்டும். ஒரே வாரத்தில் பால், இனிப்பு, முட்டை, காப்பி நான்கையும் நிறுத்தினால், முகம் தெளிந்தாலும் எதனால் தெளிந்தது என்று தெரியாது. முதல் மாதம் தட்டின் அளவு, அடுத்த மாதம் மாலைப் பலகாரமும் சர்க்கரையும், அதற்குப் பிறகும் பரு குறையாவிட்டால் பாலைச் சில வாரங்கள் விட்டுப் பார்ப்பது என்பது சரியான வரிசை. உண்பதையும் முகத்தின் நிலையையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

பின்கழுத்துக் கருமை இருப்பவரும், பருவோடு மாதவிடாயும் ஒழுங்கற்றுப்போன பெண்களும், களைப்பு விடாதவரும் இந்த மாதக் கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரையையும் ஹீமோகுளோபினையும் பார்க்கும் பரிசோதனைகள் அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே செய்யப்படுகின்றன. அந்த நோட்டையும் கையோடு எடுத்துப்போனால், மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு விடை அதிலேயே இருக்கும்.