“ஓடுமாங்ணா?”: கேம் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் சித்தி பையன் போன சித்திரையில் ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கினான். கம்பெனிகள் கழித்துக்கட்டிய மெஷின்களைத் துடைத்து விற்கும் கோயம்புத்தூர்க் கடை ஒன்றில். “ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ். எல்லா கேமும் ஓடும்” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ராத்திரி எனக்குப் போன் போட்டான். “ஜிடிஏ 5 ஓடுமாங்ணா?”

வாங்கும் முன்பே கேட்டிருக்கலாம். ஆனால் அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமிருந்தும் என்னிடம் வருகிற விசாரிப்பில் முக்கால்வாசி இந்த ரகம்தான். பாதிப் பெயரைக் கேட்டு முடிவெடுக்கிறோம். மற்ற தவறுகள் பெரும்பாலும் அதன் குட்டிகள்.

ஐ7 என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் மெஷினில் இருந்தது ஐ7-2600. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறையைச் சொல்லும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. 2022-இல் வந்த, பெயரில் சின்னதான ஐ3-12100 அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஜிடிஏ 5-க்கே இப்போது இரண்டு பதிப்புகள் உண்டு. 2015-இல் பிசிக்கு வந்த பழைய பதிப்புக்கு 8 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 660 கிராபிக்ஸ் கார்டும் இருந்தாலே தாராளம். 2025-இல் வந்த என்ஹான்ஸ்டு பதிப்போ குறைந்தபட்சமே ஐ7-4770-ஐக் கேட்கிறது, எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பகம்) வேண்டும் என்கிறது. “நம்மகிட்டயும் ஐ7 தானுங்ணா” என்றான். 4770 நாலாம் தலைமுறை, அவனுடையது இரண்டாவது. கேமின் பெயரிலும் எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த 8 ஜிபி கிராபிக்ஸ்? கேபினட்டைத் திறந்தால் கார்டே இல்லை. டாஸ்க் மேனேஜரில் ‘ஷேர்டு’ என்று ஒரு அளவு காட்டும். பொதுவாக ரேமில் சரிபாதி. 16-இல் பாதி 8. அது கார்டின் சொந்த நினைவகம் அல்ல, தேவைப்பட்டால் ரேமிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம் என்கிற வரம்பு. கேம் கேட்கும் ‘வீடியோ மெமரி’க்கு ‘டெடிகேட்டட்’ என்று எழுதியிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

கார்டு இருந்தாலும் பெயர் ஏமாற்றும். ஜிடி 1030 ஒரே பெயரில் இரண்டு வகையாக விற்கிறது. ஒன்றில் ஜிடிடிஆர்5 மெமரி, இன்னொன்றில் டிடிஆர்4. இரண்டாவதின் மெமரி வேகம் முதலாவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஜிடிஎக்ஸ் 1060-இல் 3 ஜிபி, 6 ஜிபி இரண்டும் உண்டு. மெமரி மட்டுமல்ல, உள்ளே சிப்பின் கோர்களே 3 ஜிபி கார்டில் குறைவு. லேப்டாப்பில் நிலைமை இன்னும் மோசம். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்புக்கு, தயாரிப்பாளர் முடிவுப்படி, 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதுவும் கொடுக்கலாம். ஸ்டிக்கர் ஒன்றுதான், ஓட்டம் வேறு. இதில் பாலக்காட்டு வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில், ஓட்டுவீட்டு மாடியில், மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து ஆடினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். யூடியூபில் ஏசி அறையில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு ‘இதே கார்டுதானே’ என்று நம்புவது வீண். போதாததற்கு அந்த வீடியோக்காரர்களில் பலர் அந்தச் சின்னக் கார்டை ஆக விலை உயர்ந்த பிராசசரோடு சேர்த்துத்தான் சோதிப்பார்கள்.

விண்டோஸோடு வரும் டிஎக்ஸ்டயாக் கருவியைத் திறந்து ‘டைரக்ட்எக்ஸ் 12’ என்று பார்த்துத் திருப்திப்படுவது இன்னொன்று. முதல் பக்கத்தில் இருப்பது விண்டோஸில் உள்ள டைரக்ட்எக்ஸ், அதாவது கேமும் கார்டும் பேசிக்கொள்ள உதவும் மென்பொருள். கார்டு எதுவரை தாங்கும் என்பது டிஸ்ப்ளே பக்கத்தில் ‘ஃபீச்சர் லெவல்’ வரியில் இருக்கும். பலமான பழைய கார்டுகூட இப்படி வாசலில் நின்றுவிடும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் வசதி) உள்ள கார்டு கட்டாயம், குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ அந்தப் பட்டியலில் இல்லை. வேலொரண்ட் கேமுக்கு விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும்; இதில் கார்டின் பேச்சே கிடையாது.

‘மினிமம்’, ‘ரெகமெண்டட்’ என்று போட்டிருப்பதன் அடியில் உள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள். மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸின் ரெகமெண்டட் பட்டியல் சொல்லும் நொடிக்கு 60 பிரேம் (படம்), பிரேம் ஜெனரேஷனைப் போட்ட பிறகு வருவது. இடையிடையே செயற்கையாகப் பிரேம்களைச் செருகிக் கிடைக்கும் எண் அது.

இடமும் ஒரு கணக்கு. ஸ்டார்ஃபீல்டு கேமுக்கு 125 ஜிபி, அதுவும் எஸ்எஸ்டியில். தினம் 2 ஜிபி டேட்டாவை மட்டும் நம்பினால் அதை டவுன்லோடு செய்யவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? முழுப்பெயர்களையும் எழுதிவைத்துக்கொண்டு கேமின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிளாக் மித் வூகாங், மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ் போன்றவற்றுக்கு நம் மெஷினில் எப்படி ஓடும் என்று சோதிக்கும் இலவச பெஞ்ச்மார்க்கே இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்கும்வரை பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும்வரை மெனுவில் காத்திருக்கும் நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும், ஜாக்கிரதை.

அந்தக் குட்டி கேபினட்டின் பவர் சப்ளையில் கார்டுக்கான தனி வயரே கிடையாது. ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டை எடுத்துக்கொள்ளும் ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைத் தேடி வாங்கச் சொன்னேன், ஜிடிஏவும் பழைய பதிப்பே போதும் என்றேன். கார்டை மாட்டிவிட்டு மறுபடி போன். “ஸ்கிரீனே வரலீங்ணா.” மானிட்டர் கேபிளைப் புதுக் கார்டில் மாற்றாமல் பழைய ஓட்டையிலேயே செருகி வைத்திருந்தான்.