இலை, வெயில், நீலம்: சயனோடைப் பட்டறை நடத்தும் முறை

பட்டறை என்று பெயர் வைத்து நடப்பவற்றில் பல, கையில் பிரஷ்ஷைக் கொடுத்து நடத்தும் வகுப்புகள்தான். நடத்துபவர் செய்து காட்டுவார், வந்தவர்கள் அப்படியே செய்வார்கள், சாயங்காலம் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி ஒரு பொருள் இருக்கும். மறுவாரம் வீட்டில் தனியாக உட்கார்ந்தால் கை ஓடாது. அதனால் நான் ஒன்றில் பிடிவாதமாக இருக்கிறேன்: நடத்துபவருக்கே விடை தெரியாத ஒரு கேள்வியையாவது அன்றைக்கு அங்கே சோதித்துப் பார்க்க வேண்டும்.

சயனோடைப் இதற்கு ரொம்பப் பொருத்தம். கரைசல் பூசிய தாளில் இலையை வைத்து வெயிலில் காட்டிக் கழுவினால், நீலத்தின் நடுவே இலை வெள்ளையாகப் பதியும். 1842-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த அச்சு முறை இது. அடுத்த வருடமே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இதில் பதிக்க ஆரம்பித்துவிட்டார். கேமரா வேண்டாம், நம் ஊர் வெயில் போதும். கீழே உள்ளது இருபது பேர், மூன்று மணி நேரம் என்ற கணக்கில்.

1. கரைசல்

லேப் கெமிக்கல் கடையில் பச்சை நிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் வாங்குங்கள். முதலாவது 25 கிராம், 100 மில்லி தண்ணீரில். இரண்டாவது 10 கிராம், வேறொரு 100 மில்லியில். தனித்தனி பாட்டிலில் வைத்துக்கொண்டு, பூசும் அன்று சரிபாதியாகக் கலக்க வேண்டும். பெயரில் சயனைடு இருப்பதைப் பார்த்துப் பெற்றோர்கள் பயப்படுவார்கள். இதில் சயனைடை இரும்பு இறுகப் பிடித்திருக்கிறது, சாதாரணக் கையாளலில் வெளியே வராது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் சூடாக்கக் கூடாது, பாத்ரூம் கழுவும் ஆசிட் பக்கத்தில் கூட இருக்கக் கூடாது. எல்லோருக்கும் கையுறை கட்டாயம்.

பிரஷ்ஷில் என் ஓட்டு மலிவான பஞ்சு பிரஷ்ஷுக்குத்தான். இரும்புப் பூண் போட்ட பிரஷ் கரைசலோடு வினைபுரிந்து தாளில் நீலப் புள்ளி விழும். அழுத்திப் பிடிக்க போட்டோ ஃபிரேம் கண்ணாடியும் இரண்டு கிளிப்பும் போதும்.

2. வரிசையைத் திருப்பிப் போடுங்கள்

பெரும்பாலான பட்டறைகள் படுத்துவிடும் இடம் இதுதான், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இயல்பாக வரும் வரிசை: கரைசல் கலக்கு, பூசு, காய வை, வெயிலில் வை, கழுவு. தனி ஆளுக்கு இது சரி. இருபது பேர் ஒரே நேரத்தில் பூசினால் இருபது ஈரத் தாள்கள் ஒரே நேரத்தில் காய வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் அரைமணிக்கும் மேல் ஆகலாம். அதற்குள் போன் எல்லோர் கைக்கும் வந்துவிடும். பொறுமையில்லாமல் ஈரத்தோடு இலையை வைத்தால் தாள் கண்ணாடியில் ஒட்டும், படம் திட்டுத்திட்டாக வரும்.

ஆகவே முந்தின இரவே ஆளுக்கு இரண்டு தாள் வீதம் நீங்களே பூசிக் காயவைத்துக் கறுப்புக் கவரில் மூடி வையுங்கள். வந்தவுடன் அறிமுகம் ஐந்து நிமிடம், அப்புறம் நேராக மாடிக்கு. முதல் அச்சைக் கழுவி முடித்து, "இது எப்படி நடந்தது?" என்று அவர்களாகக் கேட்கும்போது உள்ளே வந்து கரைசலைக் காட்டுங்கள். அவர்கள் பூசும் தாள், நீங்கள் விளக்கம் சொல்லி டீ குடித்து முடிப்பதற்குள் ஃபேன் காற்றில் காய்ந்துவிடும். பூசும் அறையில் ஜன்னலுக்குப் பிரவுன் தாள் ஒட்டி ஒரு மஞ்சள் எல்இடி பல்பு போட்டால் போதும்.

3. முதல் தாள், சோதனைப் பட்டை

முதல் தாளில் முழுப் படம் எடுக்க விடாதீர்கள். ஒரு முருங்கை இணுக்கைத் தாளின் நீளத்துக்கு வைத்து, அட்டையால் மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அட்டையை ஒரு விரற்கடை நகர்த்தச் சொல்லுங்கள். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த தாள் மெல்ல நீலமாகி, அதையும் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போகும். "கெட்டுப்போச்சு" என்று எடுக்கப் பார்ப்பார்கள், தடுத்துவிடுங்கள். அந்தச் சாம்பல் நிறம்தான் நல்ல அடர்த்திக்கு அடையாளம். தண்ணீரில் போட்டதும் இலை இருந்த இடத்திலிருந்து மஞ்சள் கரைந்து ஓடும், ஒவ்வொரு சிற்றிலையும் வெள்ளையாக எழும்பி வரும். அன்றைய வெயிலுக்கு எத்தனை நிமிடம் என்று பட்டையே சொல்லிவிடும்.

4. சோதனை

நாலு நாலு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கேள்வி. கஞ்சி போடாத பருத்தித் துணியில் எப்படி வரும்? ஈர இலை வைத்தால்? அச்சைச் சலவை சோடாத் தண்ணீரில் வெளுக்க வைத்து, பிறகு டிகாக்‌ஷனில் ஊறப்போட்டால்? விதி ஒன்றுதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வெயிலுக்குப் போகும் முன்பே "இப்படி வரும்" என்ற ஊகத்தைத் தாளின் பின்னால் பென்சிலில் எழுதிவிட வேண்டும். பேனா மை கழுவும்போது ஊறிவிடும்.

வந்த அச்சுகளைக் கொடியில் குழுவாரியாகத் தொங்கவிடுங்கள். சரியாக வராததும் கட்டாயம் தொங்க வேண்டும். அதன் முன்னால் நின்று பேசுவதற்குக் கடைசி அரைமணி நேரத்தை ஒதுக்குங்கள். நேரம் போதவில்லை என்றால் வேறு எதையாவது வெட்டுங்கள், இதை வேண்டாம்.

பின்சேர்க்கை: கழுவக் கழுவ நீலம் வெளுக்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். போர் தண்ணீர் காரத்தன்மையோடு இருந்தால் அப்படித்தான் ஆகும், இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. முதல் கழுவலில் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் வினிகர் சேர்த்துவிட்டு, அப்புறம் கேன் தண்ணீரில் அலசுங்கள். டப்பில் சோப்பு மிச்சம் இருந்தாலும் இதே கதைதான். மேகமூட்டமான நாளில் நடத்தலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக நடத்தலாம், நேரம் மட்டும் இரண்டு மூன்று மடங்காகலாம். அன்றைக்குச் சோதனைப் பட்டையில் இரண்டு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் வைத்து நகர்த்துங்கள், கேள்விகளையும் மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.