முதியோர் இல்லத்தில் காரணம் தெரியாத காயம்: முறைப்பாடு செய்யும் விதம்

நுவரெலியாக் குளிரில் முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள் பகலிலும் சுவெட்டரைக் கழற்றுவதில்லை என்பதால், பார்க்கப் போகும் உறவினரின் கண்ணில் காயம் எளிதில் படாது. முகத்தைப் பார்த்துச் சுகம் விசாரித்துவிட்டுத் திரும்பாமல், அவருடைய சம்மதத்தோடு சட்டைக் கையை மடித்துப் பாருங்கள். முன்கையிலும் கணுக்காலுக்கு மேலும் கன்றியிருப்பது கட்டிலில் இடித்ததாக இருக்கலாம். வோபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு இலேசாகப் பட்டாலே தோல் கறுத்துவிடும். மேற்கையின் உட்புறத்தில் மூன்று நான்கு சிறு தடங்களும் எதிர்ப்புறத்தில் ஒன்றும் இருந்தால், யாரோ இறுகப் பிடித்திருக்கக்கூடும் என்று எண்ண இடமுண்டு. கழுத்து, காது, இரு மணிக்கட்டுகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். (கொழுந்து பறித்த கைகளில் பழைய தழும்புகள் நிறைய இருக்கும், அவற்றையும் சேர்த்து எழுதினால் முறைப்பாடு வலுவிழக்கும்.)

தலையில் அடிபட்டிருந்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தாலோ 1990 அம்புலன்ஸை அழைப்பதே முதல் வேலை. காயத்தின் காரணம் தெரியவில்லை என்பதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

“விழுந்துவிட்டார்” என்ற பதிலோடு நின்றுவிடாமல், எப்போது, எங்கே, யார் பார்த்தார்கள் என்று கேட்டு, கிடைத்த பதிலையும் சொன்னவரின் பதவியையும் அன்றே எழுதிவையுங்கள். காயத்தின் இடம், சென்டிமீற்றரில் அளவு, நிறம் ஆகியவற்றைக் குறித்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுக்கலாம். நிறத்தைக் கொண்டு நாள் கணிப்பது நம்பகமானதல்ல என்பதால், “மூன்று நாள் பழையது” என்று எழுதாதீர்கள். முதியவர் சொன்னதை, மறதி நோய் உள்ளவராயினும், அவருடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும். திருத்தி எழுதப்பட்ட வாக்குமூலத்தை விட “அந்தப் புள்ள கைய முறுக்கிச்சு” என்ற ஒரு வரி பெறுமதியானது.

இல்லப் பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் பெறுங்கள். அடுத்து, பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையோ சமூக சேவைகள் உத்தியோகத்தரையோ அணுகலாம். முதியோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தாக்குதல் எனச் சந்தேகித்தால் பொலிஸுக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது, அவசரமென்றால் 119. செய்தவர் யாரென்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பல்ல. கண்டதைச் சொன்னால் போதும். இல்லப் பணியாளருக்கும் இது பொருந்தும்.

தமிழும் அரசகரும மொழியே. ஆகவே தமிழில் வாக்குமூலம் கொடுக்கத் தயங்க வேண்டாம். சிங்களத்தில் எழுதப்பட்டால், உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டும் வரை கையொப்பமிடாதீர்கள். புறப்படும் முன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.